படப்பை மீன் பண்ணையில் நான் சொல்லாமல் விட்டது

இந்தத் தளத்தில் அதிகம் பேர் படித்தது போன வருடம் நான் எழுதிய படப்பை மீன் பண்ணைப் பதிவுதான். தாம்பரத்திலிருந்து அரை நாளில் போய்வரலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கண்ணெதிரே பிடித்துத் தருகிறார்கள் என்று எழுதியிருந்தேன். உங்களில் பலர் குடும்பத்தோடு போய்வந்தீர்கள். வாங்கிய கட்லா மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்பியவர்களும் உண்டு. இந்த ஜனவரியில் அந்தப் பதிவின் கீழே ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “வலை வீசுற போட்டோல இருக்கறவரு இப்ப இல்ல சார். அந்தக் குட்டையிலயே ஷாக் அடிச்சு செத்துட்டாரு.”

அதை நான் பார்த்ததே மூன்று வாரம் கழித்துத்தான். பார்த்த பிறகும் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஆலைக்கு விடுமுறை, தனியாகக் கிளம்பினேன். இது அந்த நாளின் பதிவு.

அதற்கு முன் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மறைமலை நகரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில், பாதுகாப்புப் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். கையுறை போடாதவரைத் திட்டுவது, பிளக் இல்லாமல் ஒயரைச் சொருகியவரை எழுதி மாட்டிவிடுவது, விபத்து நடந்தால் ஏன் நடந்தது என்று அறிக்கை எழுதுவது, இவைதான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் இங்கே இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. ஊர் சுற்றும்போது வேலையைக் கூடவே கூட்டிப் போகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன்.

காலை 6.40க்கு சேலையூர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். மேம்பாலம் ஏறி மேற்குத் தாம்பரத்தில் இறங்கி, முடிச்சூர் சாலை பிடித்து, மண்ணிவாக்கம் வழியாகப் படப்பை. மண்ணிவாக்கத்தில் டீ 15 ரூபாய். ஏழு மணிக்கு மேல் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொள்ளும் என்பதால் முன்னாலேயே கிளம்புவது நல்லது. படப்பை கடைத்தெருவைத் தாண்டி இடதுபுறம் பிரியும் சாலையில் ஐந்தரை கிலோமீட்டர் உள்ளே போனால் பண்ணை. என் வீட்டிலிருந்து மொத்தம் 24 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மணி 7.50.

போன முறை மனைவி, மகளோடு வந்திருந்தேன். நான்கு குட்டைகள். உரிமையாளர் காசிம் பாய், முன்பு குரோம்பேட்டையில் தோல் பை வியாபாரம் செய்தவர். வேலைக்கு தனசேகர் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும். அவரும் மனைவி மல்லிகாவும் கரைமேலேயே ஒரு ஷீட் அறையில் குடியிருந்தார்கள். தனசேகர்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். எந்தக் குட்டையில் ரோகு, எதில் விரால், தீனி எப்போது போட வேண்டும், கொக்கு எந்த நேரத்தில் வரும் என்று ஓயாமல் பேசினார். என் மகள் கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

குட்டையின் நடுவே ஏரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மிதவைமேல் ஒரு மோட்டாரும் துடுப்புச் சக்கரமும் இருக்கும். தண்ணீரை அடித்துக் கலக்கி மீனுக்குக் காற்று சேர்க்கும். அதற்குப் போகும் ஒயர் கரையிலிருந்து சவுக்குக் கம்புகள்மேல் தொங்கிக்கொண்டு போனது. பாதி வழியில் ஒட்டுப் போட்டு, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அந்த ஒட்டு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. எர்த் ஒயர் என்று ஒன்று இல்லவே இல்லை. தனசேகர் வெறுங்காலோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓடுகிற சக்கரத்தின் பக்கத்தில் போய்ப் பாசியை அள்ளி வெளியே போட்டார்.

“ஷாக் அடிக்காதா?” என்று கரையிலிருந்து கேட்டேன்.

“லேசா சுர்ருங்கும் சார், அவ்ளோதான். பழகிப்போச்சு,” என்று சிரித்தார்.

என் தொழிலில் இருக்கும் யாருக்கும் அந்த ‘சுர்’ என்னவென்று தெரியும். மின்சாரம் ஏற்கெனவே தண்ணீருக்குள் கசிகிறது, இன்னும் கொஞ்சம் கசிந்தால் ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். எனக்கும் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். பக்கத்தில் நின்ற மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டு, “லீவு நாள்லயும் ஆரம்பிச்சிடாதீங்க, ப்ளீஸ்,” என்றாள். காசிம் பாய் எங்களுக்காக மீனைப் பொரிக்கச் சொல்லியிருந்தார், காசும் வாங்கமாட்டேன் என்றிருந்தார். விருந்து கொடுக்கிற மனிதரிடம் போய் உங்கள் ஒயர் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? மனைவிமேல் பழி போட இதை எழுதவில்லை. அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. நானும் தனசேகரோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அவர் வீச்சு வலை வீசிக் காட்டினார். வலை வட்டமாக விரிந்த நொடியில் படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. இடது ஓரத்தில் அந்த ஒயரும் டேப் சுற்றிய ஒட்டும் அசிங்கமாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து ஓரத்தை வெட்டிவிட்டுப் பதிவில் போட்டேன்.

இந்த முறை பண்ணையில் இரண்டு குட்டைகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. ஷீட் அறை பூட்டியிருந்தது. அதன் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று, வெயிலில் பாதி வெளுத்துப்போய்த் தொங்கியது. அதில் இருந்தது நான் எடுத்த படம். வலையையும் நீக்கிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அதன்முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காசிம் பாய் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன்.

என்ன நடந்தது என்பதை அவர் சொன்னபடி சொல்கிறேன். ஐப்பசி அடைமழை. மூன்று நாளாக வெயிலே இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் தண்ணீரில் காற்று குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும், ஏரேட்டர் இரவு பகலாக ஓடியாக வேண்டும். காலை ஆறரைக்குச் சக்கரத்தில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு சுற்றிக்கொண்டது. நிறுத்த வேண்டுமென்றால் கரையின் மறுகோடியில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டும். போய்வரும் நேரத்தில் மீன் செத்துவிடுமோ என்ற பயம். தனசேகர் நிறுத்தாமலே இறங்கினார். சக்கரத்துக்கு இரண்டு முழம் தள்ளியே மின்சாரம் அவரைப் பிடித்துக்கொண்டது. மல்லிகா ஓடிப்போய் மெயினை அணைத்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“ரெண்டு வாட்டி கேட்டான் சார், ‘பாய், ஒயர மாத்திடலாம்’னு. ‘இந்த அறுவடை முடியட்டும்டா’ன்னேன்,” என்றார் பாய். ஓடிக்கொண்டிருந்த இரண்டு குட்டைகளையும் காட்டினார். ஒட்டே இல்லாத புது கேபிள் உயரமான கம்பங்களில் போகிறது. ஒவ்வொரு குட்டைக்கும் கரையிலேயே சுவிட்ச். மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் தானாக அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. கருவி. வாசலில் நான்கு ஜோடி ரப்பர் பூட்ஸ். “எல்லாம் ரெண்டு நாள் வேல சார். ஆள் போனப்புறம் செஞ்சேன்.”

பிறகு அவரே கேட்டார். “நீங்க அன்னைக்கு அந்த ஒயரப் பாத்தீங்களா சார்?”

“பாத்தேன் பாய்.”

“சார் எதுல வேலை?”

சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அங்கிருந்த தீனி மூட்டைமேல் உட்கார்ந்தார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். தனா சொன்னா, இவன் எப்பவும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். உங்கள மாதிரி ஒருத்தர் சொல்லியிருந்தா மறுநாளே எலக்ட்ரீஷியனக் கூப்ட்டிருப்பேன்.”

கூப்பிட்டிருப்பாரா? தெரியவில்லை. தன் பாரம் தாங்காதவர் பாதியை அடுத்தவர் தலையில் இறக்கிவைக்கப் பார்ப்பது இயல்பு. ஆனால் எனக்கும் அதில் பங்கு உண்டு. மல்லிகா இப்போது எங்கே என்று கேட்டேன். பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்வதாகச் சொல்லி, அவரே போன் போட்டு, நான் வரலாமா என்று கேட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொன்னார் மல்லிகா.

பண்ணையிலிருந்து பெருங்களத்தூர் 20 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் வெளியூர் பஸ்களுக்குக் காத்திருக்கும் கூட்டத்தைக் கடக்கவே பதினைந்து நிமிடம் ஆனது. ஒரு மணிக்குக் குடியிருப்பின் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் மல்லிகா டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். நீலச் சீருடைப் புடவை, மெலிந்திருந்தார்.

“நீங்கதானா சார் அந்த போட்டா எடுத்தது? அவருக்கு வேற போட்டாவே கெடையாது. ஆதார்ல கீறது திருடன் மாதிரி இருக்கும்,” என்று லேசாகச் சிரித்தார். “நல்லா எடுத்திருந்த சார்.”

அந்தப் பாராட்டோடு எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அப்படி வந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

“அன்னைக்கே அந்த ஒயர நான் பாத்தேம்மா. தப்புன்னு தெரியும். என் வேலையே அதப் பாக்கறதுதான். பாத்துட்டும் சொல்லல,” என்றேன்.

அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். கோபப்படுவார், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“அவருக்கும் தெரியும் சார். வர்றவங்களாண்ட பழகிப்போச்சும்பாரு. என்னாண்ட வேற மாதிரி பேசுவாரு. ‘எனக்கு எதுனா ஆச்சுன்னா தண்ணில மட்டும் எறங்காத புள்ள, ஓடிப்போயி மெயின அமுத்து’ன்னு சொல்லிகினே இருப்பாரு. அன்னைக்கு அதான் செஞ்சேன். ஓடுனேன். எண்பது மீட்டர்னு போலீஸ்காரரு டேப்பு வச்சு அளந்தாரு. எனக்கு அது தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு வரிக்கும் இருந்துச்சு.”

அதற்குப் பிறகு சொன்னதுதான் அவரை மெலிய வைத்த விஷயம். எதிர் வயலில் வேலை செய்தவர்கள் அவர் ஓடியதைப் பார்த்திருக்கிறார்கள். புருஷன் தண்ணீரில் துடிக்கிறான், பெண்டாட்டி அவனை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. தனசேகரின் அக்கா சாந்தி, குன்றத்தூரில் இருப்பவர், தம்பியைத் தாய்போல் வளர்த்தவர், சாவு வீட்டிலேயே மல்லிகாவின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

“நீங்க இதே வேலைல கீறேன்னு சொல்ற. நெஜமா சொல்லு சார். நான் எறங்கி இழுத்திருக்கணுமா?”

“இல்லம்மா. எறங்கியிருந்தா ரெண்டு பேரு. ஃபேக்டரில வருஷா வருஷம் இதத்தான் சொல்லிக் குடுக்கறோம், ஆளத் தொடாத, மொதல்ல கரண்ட நிறுத்துன்னு. படிச்சவங்களே அந்த நேரத்துல மறந்துட்டு ஓடிப்போய் கையப் புடிப்பாங்க. நீங்க மறக்கல. நீங்க செஞ்சதுதான் சரி.”

அவர் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். பிறகு, “அத எங்க நாத்தனாராண்ட வந்து சொல்றியா சார்? நான் சொன்னா கேக்காது,” என்றார்.

சரி என்று அவர் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. எழுந்து நாலடி போனவர் திரும்பி, “நீங்களும் சொல்லியிருக்கலாம் சார்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெருங்களத்தூரிலிருந்து குன்றத்தூர் 17 கிலோமீட்டர். வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் போனேன். வெயில் கடுமையாக இருந்தது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சனிக்கிழமை மதியம் முருகன் கோயில் மலையடிவாரத்தில் கூட்டம் குறைவு. வண்டி நிறுத்த 20 ரூபாய். சாந்தி அங்கே செருப்புக் காப்பகத்தில் டோக்கன் கொடுக்கிறார் என்று மல்லிகா சொல்லியிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, தம்பியின் அதே அகலமான நெற்றி.

தம்பியைத் தெரியும் என்றதும் எனக்கு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். மல்லிகா பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

“அன்னைக்கு நீங்க அங்க இருந்தீங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப இன்னா தெரியும் உங்களுக்கு?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தண்ணீரில் மின்சாரம் பரவியிருக்கும்போது இறங்குகிற ஒவ்வொருவரையும் அது பிடிக்கும், மல்லிகா காலை வைத்திருந்தால் இன்னொரு உடலையும் எடுத்திருப்பார்கள். தம்பியே மனைவிக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார் என்றும் சொன்னேன். அது சாந்திக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் யாரையும் பேச விடவில்லை. நடுவில் இரண்டு குடும்பம் வந்து செருப்பைக் கொடுத்துவிட்டு மலையேறின.

“நானா இருந்தா எறங்கியிருப்பேன்,” என்றார்.

“எறங்கியிருந்தா நீங்களும் போயிருப்பீங்கக்கா.”

“போயிருப்பேன்,” என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நானும் அன்று ஒயரைப் பார்த்தவன்தான் என்பதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் கிளம்ப எழுந்தபோதுதான் பேசினார். “அவ நம்பர அழிச்சிட்டேன். உங்களாண்ட இருக்குதா?”

டோக்கன் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். நான் நிற்கும்போது அவர் போன் போடவில்லை. பிறகு போட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது. பல்லாவரம் வழியாக 16 கிலோமீட்டர், மாலை 5.30க்கு வீடு. மொத்தம் 77 கிலோமீட்டர், பெட்ரோலுக்கு 180 ரூபாய் ஆனது.

இப்போது உங்களுக்கு. பண்ணை நடக்கிறது, போகலாம். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் போய்விடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மேற்குத் தாம்பரத்திலிருந்து படப்பையில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்கலாம், ஆளுக்கு 30 ரூபாய் கேட்கிறார்கள். கரை வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் குட்டைத் தண்ணீரில் காலை வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரக்கூடும். ஏரேட்டர் ஓடும்போது படம் எடுப்பதற்காக யாரையும் தண்ணீரில் இறங்கச் சொல்லாதீர்கள். போன முறை நான் கேட்டேன் என்பதற்காகவே தனசேகர் இரண்டாவது தடவை இறங்கி வலை வீசினார். இதையும் இதுவரை நான் எங்கும் எழுதவில்லை.

மீன் பண்ணை வைக்க யோசிப்பவர்கள் நிறைய பேர் பழைய பதிவில் செலவு விவரம் கேட்டிருந்தீர்கள். மீன்குஞ்சுக்கும் தீனிக்கும் முன்னால் மின்சாரத்துக்குச் செலவழியுங்கள். ஒட்டில்லாத கேபிள், எர்த், ஆர்.சி.சி.பி., குட்டைக் கரையிலேயே கைக்கெட்டும் சுவிட்ச். அணைக்காமல் யாரும் இறங்கக் கூடாது, மீன் செத்தாலும் பரவாயில்லை என்று வேலை செய்பவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். முதலாளி அதைச் சொல்லாதவரை அவர் மீனைத்தான் காப்பாற்றப் பார்ப்பார். ஒருவரைத் தனியாக வேலைக்கு விடாதீர்கள்.

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பண்ணையோ, செங்கல் சூளையோ, மரப்பட்டறையோ, எங்கே போனாலும் கண்ணுக்குத் தப்பாகப் பட்டதை உரிமையாளரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அதற்கு என்னைப் போல அதே வேலையில் இருக்க வேண்டியதில்லை. வேலை செய்பவர் பலமுறை சொல்லிப் பார்த்து அலுத்துப்போயிருப்பார். அதையே வந்துபோகும் ஒருவர் சொன்னால் காதில் விழலாம், விழாமலும் போகலாம். முகம் சுளிப்பார்கள், உபசரிப்பு குறையும், கூட வந்த உங்கள் குடும்பத்துக்கே உங்கள்மேல் எரிச்சல் வரும், அந்த ஒரு நாள் கெட்டுப்போகும். கெட்டுப்போகட்டும்.